பேய்க் காமெடிப் படத்தின் முதல் காட்சியில் வாட்ச்மேன் சாகலாமா?

முதலில் நீங்கள் அனுப்பிய கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் ஒரு பழைய பங்களா. விடுமுறைக்கு அங்கே போகும் ஐந்து நண்பர்கள். ஒரு பேய். எடுக்கப்போவது பேய்க் காமெடிப் படம். எழுதி வைத்திருக்கும் முதல் காட்சியில் பங்களாவின் வாட்ச்மேன் ராத்திரியில் தனியாகச் சாகிறார். அலறல், இருட்டு, டைட்டில். அடுத்த காட்சியிலிருந்து நண்பர்களின் கலாட்டா. கதை கேட்ட தயாரிப்பாளர், "காமெடிப் படத்தில் எடுத்த எடுப்பிலேயே சாவா? முதலில் ஜனங்களைச் சிரிக்க வையுங்கள்" என்கிறார். எழுதிய உங்களுக்கோ, முதலில் பயமுறுத்தாவிட்டால் பேய்ப் படம் என்றே தெரியாதே என்ற கவலை. யார் சொல்வது சரி?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு திரைக்கதை கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது பயத்தையும் இல்லை, சிரிப்பையும் இல்லை. இந்தப் படத்தில் சாவு நிஜமா என்றுதான் பார்ப்பேன். ஒருவர் செத்தால் அந்த இடம் காலியாக இருக்குமா? யாராவது தேடி வருவார்களா, அழுவார்களா? இல்லை, அடுத்த காட்சியில் எல்லோரும் மறந்துவிடுவார்களா? தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் முதல் பத்து நிமிடத்தில் தனக்கே தெரியாமல் இதைத்தான் எடை போட்டுக்கொண்டிருக்கிறார். பதில் கிடைத்துவிட்டால், எங்கே சிரிக்கலாம், எங்கே பக்கத்து சீட்டின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவரே பார்த்துக்கொள்வார். கிடைக்காவிட்டால் சிரிக்கவும் தயங்குவார், பயப்படவும் தயங்குவார். பேய்க் காமெடியில் தோற்ற படங்களில் பெரும்பாலானவை தோற்றது இந்தத் தயக்கத்தில்தான் என்பது என் கருத்து.

இதை ஒரு படத்தை வைத்து நிதானமாகப் பார்ப்போம். ஜான் லாண்டிஸ் எழுதி இயக்கிய 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' (1981). வேர்வுல்ஃப் என்றால் முழு நிலவில் ஓநாயாக மாறும் மனிதன். இந்தத் திரைக்கதையை அவர் 1969-ல், யூகோஸ்லாவியாவில் ஒரு படப்பிடிப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது எழுதினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பணம் போட ஆள் கிடைக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. படித்தவர்களில் ஒரு பாதி, காமெடிக்கு இது ரொம்பப் பயங்கரம் என்றார்கள். மறு பாதி, பேய்ப் படத்துக்கு இதில் ரொம்பச் சிரிப்பு என்றார்கள். நீங்கள் இப்போது கேட்கும் அதே பேச்சு. இரண்டு காமெடிப் படங்கள் வரிசையாக ஓடிய பிறகுதான் அவரால் இதை எடுக்க முடிந்தது.

முதல் ஷாட்டில் இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து மேட்டுப் புல்வெளிகள். மேகமூட்டம், மங்கிய வெளிச்சம், மனித நடமாட்டமே இல்லை. அதன் மேல் பாபி விண்டனின் குரலில் 'ப்ளூ மூன்' என்ற மென்மையான பழைய காதல் பாட்டு ஓடுகிறது. படம் குளிராக இருக்கிறது, பாட்டு இதமாக இருக்கிறது. இரண்டும் ஒட்டவே இல்லை. ஆனால் எதுவும் கேலியாகவும் இல்லை. அப்புறம் ஒரு வண்டி வந்து நிற்கிறது. பின்பக்கம் திறந்தால் செம்மறி ஆடுகள். ஆடுகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு இரண்டு அமெரிக்கப் பையன்கள், டேவிட்டும் ஜாக்கும். வெட்டப்போகிற ஆடுகளோடு வந்து இறங்குகிறார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சிரிப்பு வருகிறது, அடியில் ஏதோ உறுத்துகிறது. சாலையை விட்டு விலகாதீர்கள், மேட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போகிறார்.

நடந்துகொண்டே ஜாக் தனக்குப் பிடித்த ஒரு பெண்ணைப் பற்றிப் புலம்புகிறான். டேவிட் கிண்டல் செய்கிறான். இந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இருட்டும்போது ஒரு மதுக்கடை. பெயர்ப் பலகையில் 'வெட்டப்பட்ட ஆட்டுக்குட்டி' என்று எழுதியிருக்கிறது. பலகையில் வரைந்திருப்பதோ ஈட்டியில் குத்திய ஓநாய்த் தலை. இருவரும் உள்ளே நுழைந்ததும் மொத்தக் கடையும் வாயடைத்துப்போகிறது. சுவரில் ஐந்து முனை நட்சத்திரம், இரு பக்கமும் மெழுகுவர்த்தி. கொஞ்ச நேரத்தில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கும் ஊர்க்காரர் ஒருவர் ஒரு ஜோக் சொல்கிறார். அமெரிக்கர்களைச் சீண்டும் ஜோக். கடையே வெடித்துச் சிரிக்கிறது. பையன்களும் சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம். இறுக்கம் தளர்ந்துவிட்டது, இனி இவர்கள் நம் ஆட்கள் என்று தோன்றும் அதே நொடியில் ஜாக் கேட்கிறான்: சுவரில் அந்த நட்சத்திரம் எதுக்கு? சிரிப்பு அறுந்துபோகிறது. டார்ட் எறிந்துகொண்டிருந்தவரின் குறி பலகையையே தவறவிட்டு வேறெங்கோ போய்க் குத்துகிறது. இதற்கு முன் நான் பலகையைத் தவறவிட்டதே இல்லை என்று அவர் கோபப்படுகிறார்.

இந்த ஒரு நிமிடம்தான் முழுப் படமும். லாண்டிஸ் இதில் பேயையும் காட்டவில்லை, ரத்தத்தையும் காட்டவில்லை. சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது நம் உடம்பு தளர்ந்திருக்கும். அந்தத் தளர்வில்தான் இந்தப் படம் அடிக்கும் என்று நமக்குக் கற்றுக்கொடுக்கிறார். நிலவைப் பார்த்து ஜாக்கிரதை என்று சொல்லி அவர்களை வெளியே அனுப்புகிறார்கள். மழை, பேச்சு மும்முரத்தில் சாலையை விட்டு விலகிவிடுகிறார்கள், தூரத்தில் ஊளை, அப்புறம் ஏதோ ஒன்று அவர்களைச் சுற்றி வருகிறது. ஓடுகிறார்கள். டேவிட் கால் தடுக்கி விழுகிறான். இரண்டு பேருக்கும் ஒரு ஆசுவாசம். ஜாக் கை நீட்டித் தூக்கிவிடக் குனிகிறான், அப்போதுதான் பாய்கிறது. மதுக்கடையில் கற்றுக்கொடுத்த அதே பாடம், இந்த முறை உயிரோடு.

ஜாக்கின் சாவு கொடூரமானது. நீளமானது. அவன் கத்துவது சினிமாக் கத்தல் மாதிரி இல்லை. டேவிட் முதலில் ஓடிப்போகிறான், அப்புறம் குற்ற உணர்ச்சியோடு திரும்பி வருகிறான். ஆக, இந்தப் படத்தில் சாவு நிஜம். இது உறுதியான பிறகுதான் லாண்டிஸ் தன் மிகப் பெரிய ஜோக்கை எடுக்கிறார். லண்டன் மருத்துவமனையில் படுத்திருக்கும் டேவிட்டைப் பார்க்க, தொண்டை கிழிந்து சதை தொங்க, செத்துப்போன ஜாக் வருகிறான். வந்து, உன் தட்டிலிருக்கும் டோஸ்ட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறான். தன் இறுதிச் சடங்கில் அந்தப் பெண் அழுததையும், அழுதுவிட்டு இன்னொருவனிடம் ஆறுதல் தேடிப் போனதையும் சொல்கிறான். முதல் காட்சியில் சும்மா வளவளவென்று பேசியதாக நினைத்த பேச்சு இங்கே திரும்பி வருகிறது. சிரிப்பு வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. அவன் நிஜமாகவே செத்திருக்காவிட்டால் இந்த டோஸ்ட் ஜோக்குக்கு எந்த உயிரும் இருந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான பதிலைச் சொல்லும் படம் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' (1984). நியூயார்க் பொது நூலகத்தின் வாசல் சிங்கச் சிலையில் ஆரம்பித்து, அடித்தள அலமாரிகளுக்கு நடுவே தனியாகப் புத்தகம் அடுக்கும் நூலகர் அம்மாவிடம் போகிறோம். அவருக்குப் பின்னால் ஒரு புத்தகம் ஒரு அலமாரியிலிருந்து எதிர் அலமாரிக்கு அமைதியாக மிதந்து போகிறது. நாம் பார்க்கிறோம், அவர் பார்க்கவில்லை. அட்டவணைப் பெட்டிகள் தானாகத் திறந்து கார்டுகள் பறக்கின்றன. அவர் ஓடுகிறார், ஒரு திருப்பத்தில் எதையோ பார்த்து அலறுகிறார். உடனே படத்தின் சின்னம், துள்ளலான பாட்டு. பேயை நமக்குக் காட்டவே இல்லை. அவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. சற்று நேரத்தில் அவரைப் படுக்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இடையில் வரும் காட்சி நாயகன் பில் முர்ரேயுடையது: மனோசக்தி ஆராய்ச்சி என்ற பெயரில் ஒரு பையனுக்கு ஷாக் கொடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் வழிகிறார். நூலகத்தில் பயம் நிஜம், ஆபத்து மட்டும் அளவோடு. ஆய்வுக்கூடத்தில் அந்தப் பயத்தைச் சமாளிக்கப்போகிற ஆள் யார் என்று தெரிகிறது. இரண்டும் சேர்ந்து, யாருக்கும் ஒன்றும் ஆகாது, நிம்மதியாகப் பயப்படுங்கள் என்கின்றன.

இந்த இரண்டு படங்களுக்கும் இசை ஒரே ஆள், எல்மர் பெர்ன்ஸ்டீன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் பேய்க் காமெடி கெடுவது பாதி நேரம் ஒலியில்தான். 1978-ல் லாண்டிஸ் ஒரு கல்லூரிக் காமெடிப் படம் எடுத்தபோது, இது காமெடி என்பதை மறந்துவிட்டு சீரியஸ் படத்துக்குப் போடுவது போலவே இசை போடுங்கள் என்று பெர்ன்ஸ்டீனிடம் கேட்டார். அது பிறகு ஒரு வழக்கமாகவே ஆனது. இசை சிரிக்கக் கூடாது. இசைக்கு அது ஒரு நிஜமான சம்பவம். சிரிக்கிற வேலை பார்வையாளருடையது. நூலகக் காட்சியைக் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள், அதில் ஜோக் எங்கேயும் இல்லை. நம் படங்களில் ஒருவர் பயந்து விழித்ததும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம், தடுக்கி விழுந்ததும் ஒரு ஊதல். முதல் காட்சியில் ஒரே ஒரு 'டொய்ங்' வந்துவிட்டால் போதும், இங்கே எதுவும் நிஜமில்லை என்று பார்வையாளர் எழுதி வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு இடைவேளையில் எவ்வளவு பெரிய பேயை இறக்கினாலும் அவர் அசைய மாட்டார்.

'கோஸ்ட்பஸ்டர்ஸ்' அமெரிக்காவில் வெளியான அதே நாளில், 1984 ஜூன் 8 அன்று, ஜோ டான்டேயின் 'கிரெம்லின்ஸ்' படமும் வந்தது. அதன் ஆரம்பம் ஒரு எச்சரிக்கை. சைனாடவுனில் ஒரு மங்கலான கடை, பஞ்சு மாதிரி ஒரு குட்டிப் பிராணி, மூன்று விதிகள்: வெளிச்சம் ஆகாது, தண்ணீர் ஆகாது, நள்ளிரவுக்கு மேல் சாப்பாடு ஆகாது. உடனே பனி மூடிய ஊர், கிறிஸ்துமஸ் பாட்டு. குடும்பத்தோடு வந்தவர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் விதிகள் மீறப்படுகின்றன, அந்தப் பிராணியிலிருந்து கொடிய ஜந்துக்கள் பெருகுகின்றன, சமையலறையில் ஒரு அம்மா அந்த ஜந்துக்களை மிக்ஸியிலும் மைக்ரோவேவிலும் போட்டுக் கொல்கிறார். பெற்றோர்கள் கொதித்தார்கள். இந்தப் படமும் அதே கோடையில் வந்த ஸ்பீல்பெர்க்கின் ஒரு சாகசப் படமும் கிளப்பிய புகாரில்தான், 13 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எச்சரிக்கை சொல்லும் புதிய தணிக்கைப் பிரிவு அந்த ஜூலையிலேயே அமெரிக்காவில் வந்தது. எனக்கு இந்தப் படம் மிகவும் பிடிக்கும். ஆனாலும் முதல் காட்சி கொடுத்த வாக்கை நம்பி வந்தவர்களின் கோபத்தில் தப்பில்லை என்றுதான் சொல்வேன்.

தயாரிப்பாளர் கேட்கிற மாதிரி முதலில் முழுக்கச் சிரிப்பு வைத்து, அப்படியும் சாவை நிஜமாக்க முடியுமா? முடியும். எட்கர் ரைட்டின் 'ஷான் ஆஃப் தி டெட்' (2004) பாருங்கள். முதல் காட்சியில் ஒரு லண்டன் மதுக்கடை, ஷானின் முகம், எதிரே அவன் காதலி. உறவு ஏன் நகரவே மாட்டேன் என்கிறது என்று அவள் பேசுகிறாள். ஏதோ அந்தரங்கமான பேச்சு என்று நினைக்கிறோம். ஷாட் மாறினால் பக்கத்திலேயே அவனுடைய வெட்டி நண்பன் சூதாட்ட மெஷினைத் தட்டிக்கொண்டிருக்கிறான். இன்னொரு ஷாட் மாறினால் அவளுடைய நண்பர்களும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிப்பு முழுக்க ஷாட் அடுக்கிய விதத்தில் வருகிறது. டைட்டிலில் சூப்பர்மார்க்கெட் பில் போடுபவர்கள், பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள், தள்ளுவண்டி தள்ளுபவர் எல்லோரும் உயிரற்ற தாளத்தில் அசைகிறார்கள். ஜாம்பி, அதாவது எழுந்து நடமாடும் பிணம், வரும் முன்பே ஊர் ஜாம்பி ஊர்தான். முடிவில் தரையில் இழுத்து நடக்கும் இரண்டு கால்கள், ஒரு முனகல். நிமிர்ந்தால் ஷான் கொட்டாவி விடுகிறான்.

இதில் பயம் எங்கே என்று கேட்பீர்கள். பயம் அந்தக் காதலியின் முகத்தில் இருக்கிறது. அவள் வருத்தத்தை ரைட் கேலி செய்யவில்லை. இந்த மனிதர்களின் கஷ்டம் நிஜம் என்று முதல் காட்சியே சொல்லிவிடுகிறது. அதனால்தான் கடைசியில் ஷான் தன் அம்மாவையே சுட வேண்டி வரும்போது ஒருவரும் சிரிப்பதில்லை. சாவைக் காட்டாமலே, சாவு நிஜமாக இருக்கும் என்று வாக்குக் கொடுக்கலாம். கொஞ்சம் கஷ்டமான வழி, ஆனால் இருக்கிறது.

சாவே ஒரு விளையாட்டு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடும் படங்களும் உண்டு, அவை வேறு ஜாதி. மெல் ப்ரூக்ஸின் 'யங் ஃப்ராங்கன்ஸ்டைன்' (1974) கறுப்பு வெள்ளையில், மழையும் மின்னலும் அடிக்கும் கோட்டையில், பழைய பேய்ப் படம் போலவே கம்பீரமாக ஆரம்பிக்கிறது. கடிகாரம் மணி அடிக்கிறது. பன்னிரண்டோடு நிற்காமல் பதின்மூன்று அடிக்கிறது. சவப்பெட்டிக்குள் இருக்கும் பிணத்தின் கையிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தால் பிணம் திருப்பி இழுக்கிறது. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. நியூசிலாந்துப் படமான 'வாட் வீ டூ இன் த ஷேடோஸ்' (2014) இன்னும் எளிமை: சாயங்காலம் அலாரம் அடிக்கிறது, சவப்பெட்டியிலிருந்து ஒரு கை வந்து அதை அணைக்கிறது, சற்று நேரத்தில் ரத்தக் காட்டேரிகள் வீட்டில் யார் பாத்திரம் கழுவுவது என்று கூட்டம் போடுகிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் யாராவது உங்களிடம் அதைக் காட்டி வாதம் செய்வார்கள். ஜப்பானில் ஷினிச்சிரோ உயேதா எடுத்த 'ஒன் கட் ஆஃப் த டெட்' (2017). முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாத ஒரே ஷாட். அதில் நடிகர்கள் திணறுகிறார்கள், அர்த்தமில்லாமல் பேச்சு நிற்கிறது, கேமரா தடுமாறுகிறது. மட்டமான ஜாம்பிப் படம் என்றுதான் தோன்றும். ஏன் அப்படி என்பது பிறகு தெரியும்போது தியேட்டர் அதிரும்; அதற்கு மேல் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள். சுமார் 30 லட்சம் யென் செலவில் எடுத்த படம் 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. முதல் காட்சியில் சாவு நிஜமா என்ற கேள்விக்குப் பதிலே சொல்லாமல் பார்வையாளரை அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார். ஆனால் அந்த ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் அவரிடம் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. அப்படி ஒரு கணக்கு கையில் இல்லாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

நம் பக்கம் வருவோம். தமிழில் இந்த வகைக்கு ஒரு தனிப் பாதை போட்டவர் ராகவா லாரன்ஸ். 'முனி'யிலும் (2007) 'காஞ்சனா'விலும் (2011) அவர் செய்தது எளிமையான, புத்திசாலித்தனமான காரியம்: நாயகனையே பேய்க்குப் பயந்தவனாக்கினார். இருட்டினால் வெளியே வர மாட்டான், ராத்திரி பாத்ரூம் போகவும் அம்மா துணைக்கு வேண்டும். தமிழ் சினிமாவில் நாயகன் அறிமுகம் என்றால் பத்துப் பேரை அடிப்பது என்று இருந்த இடத்தில் இப்படி ஓர் ஆளை நிறுத்தினால், சிரிப்புக்கும் பயத்துக்கும் ஒரே ஊற்று கிடைத்துவிடுகிறது. அவன் பயப்படுவதால் சிரிக்கிறோம். அவன் இவ்வளவு பயப்படுவதால், பேய் என்ற ஒன்று இந்தக் கதையில் சாதாரண விஷயம் இல்லை என்றும் உள்ளூர நம்புகிறோம். பிறகு 'காஞ்சனா'வின் முன்கதையில் வரும் கொலைகளை இயக்குநர் துளியும் கேலி செய்யாமல் எடுத்ததால் மக்கள் அழுதார்கள்.

அதற்குப் பிறகு வந்த பலர் பாதையின் மேல்பூச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். டைட்டிலுக்கு முன் ஒரு ராத்திரி, ஒரு வீடு, பெயர் தெரியாத ஒருவர் சாவு. பிறகு நாற்பது நிமிடம் அந்தச் சாவை யாரும் நினைப்பதே இல்லை. டைட்டிலுக்கு முன் ஒரு படம், பின் வேறொரு படம். உங்கள் திரைக்கதையில் எனக்குத் தெரியும் சிக்கலும் இதுதான். வாட்ச்மேன் செத்தது தப்பில்லை. ஐந்தாம் நிமிடத்தில் அவரை எல்லோரும் மறந்துபோகிறார்களே, அதுதான் இடிக்கிறது.

இன்னொன்றும் யோசியுங்கள். நம் தியேட்டரில் உங்கள் முதல் ஷாட்டுக்கு முன் தணிக்கைச் சான்றிதழ், புகையிலை எச்சரிக்கைப் படம், நன்றி அட்டைகள் எல்லாம் ஓடியிருக்கும். ஆட்கள் பாப்கார்னோடு சீட் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த இரைச்சலில் அலறலை வைத்து ஆரம்பித்தால் அதுவும் ஒரு சத்தமாகப் போய்விடும். அமைதியாக, ஒரு மனிதரை வைத்து ஆரம்பியுங்கள்.

என்னிடம் கேட்டால் வாட்ச்மேனை இப்படி எழுதுவேன். மஃப்ளர், ஃப்ளாஸ்க், பிளாஸ்டிக் நாற்காலி. பங்களாவில் எங்கேயும் சிக்னல் இல்லை. மதில் ஓரம் ஒரே ஒரு இடத்தில், அதுவும் நாற்காலி மேல் ஏறி நின்றால்தான் வரும். ஏறி நின்று மனைவியோடு பேசுகிறார். கேஸ் புக் பண்ணியாச்சா, பையனுக்கு ஃபீஸ் கட்டியாச்சா. பேச்சு விட்டு விட்டு வருகிறது. "ஹலோ... கேட்குதா? ஹலோ, கேட்குதா?" என்று கத்துகிறார். தியேட்டரில் எல்லோரும் சிரிப்பார்கள், எல்லோரும் அந்தக் கத்தலைக் கத்தியவர்கள்தான். பின்னால் இருட்டாக இருக்கும் பங்களாவுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல்: "கேட்குது."

இசை வேண்டாம். அலறலும் வேண்டாம். அவர் திரும்பிப் பார்க்கட்டும். அடுத்த ஷாட்டில் நாற்காலி மட்டும். கீழே புல்லில் கிடக்கும் போனில் மனைவியின் அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது, நிற்கிறது, திரும்ப வருகிறது. அதன் மேல் டைட்டில் போடுங்கள். தயாரிப்பாளர் கேட்ட சிரிப்பும் வந்துவிட்டது, நீங்கள் கேட்ட பயமும் வந்துவிட்டது. இரண்டும் ஒரே வார்த்தையில். அந்த மனைவி இடைவேளைக்கு முன் ஒரு நாள் பையனையும் கூட்டிக்கொண்டு கேட் வாசலில் வந்து நிற்கட்டும், "இவர் இங்கேதான் வேலை பார்த்தார்" என்று போட்டோவைக் காட்டட்டும். அந்தக் காட்சியில் ஜோக் எதுவும் எழுதாதீர்கள்.

அதற்கு முன்னாலேயே, பத்தாவது நிமிடத்தில், உங்கள் ஐந்து நண்பர்களும் காரிலிருந்து இறங்குகிறார்கள். கூச்சல், பாட்டு, கலாட்டா, நீங்கள் எழுதியிருக்கும் எல்லா ஜோக்கும் அப்படியே இருக்கட்டும். அதில் ஒருவன் மட்டும் சிக்னல் தேடி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் அலைகிறான். மதில் ஓரத்தில் அந்த நாற்காலி கிடக்கிறது. சந்தோஷமாக அதன் மேல் ஏறி நின்று, "ஹலோ, கேட்குதா?" என்கிறான்.